குழாய் டெஸ்ட்டுக்கு முன்னால்

(திமிரியில் பொதுமக்கள் முன்னிலையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

பின்னால் நிற்கிற பெண்கள் முன்னால் வந்து உட்காருங்கள். கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கி நேராக இங்கே வந்திருக்கிறீர்கள். நாள் முழுக்க மெஷின் முன்னால் இருந்த கால்கள், நின்றுகொண்டு கேட்க வேண்டாம். ஆண்களும் சிலர் வந்திருக்கிறார்கள். அவர்கள் இன்னும் முன்னால் உட்கார வேண்டும் என்பது என் ஆசை. ஏன் என்று போகப்போகத் தெரியும்.

ஒரு கையிலிருந்து ஆரம்பிக்கிறேன். 1895 டிசம்பர் 22ஆம் தேதி, ஜெர்மனியில் வூர்ட்ஸ்பர்க் என்ற ஊரில், வில்ஹெம் ரோண்ட்கன் என்ற பேராசிரியர் தன் மனைவி ஆனா பெர்தாவைக் கூப்பிட்டு, ஒரு போட்டோத் தகட்டின் மேல் கையை வைத்து அசையாமல் இருக்கச் சொன்னார். தகட்டைக் கழுவிப் பார்த்தால் விரல் எலும்புகள் தெரிந்தன. எலும்பைச் சுற்றி, தொங்குவது போல, அந்த அம்மாளின் மோதிரம். எக்ஸ்ரே என்றதும் உலகமே காட்டுகிற படம் அதுதான். பள்ளிப் புத்தகத்தில் வராத ஒன்றைச் சொல்கிறேன். அந்தத் தம்பதிக்குக் குழந்தை பிறக்கவில்லை. ஆனாவின் சகோதரர் மகளைத் தத்தெடுத்து வளர்த்தார்கள். பெண்ணின் வயிற்றுக்குள்ளே என்ன இருக்கிறது என்று இன்று நாம் பார்க்கிற முதல் வெளிச்சம், பிள்ளை இல்லாத ஒரு வீட்டிலிருந்துதான் வந்தது.

இன்னொரு பெண் நம் பக்கத்து ஊர்க்காரி. 1870இல் ராணிப்பேட்டையில் பிறந்தவர், ஐடா ஸ்கடர். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீட்டுக்காரர்கள் வந்து, பிரசவ வலியில் கிடக்கும் மனைவியைப் பார்க்க வரச் சொல்லி அந்த இளம்பெண்ணைக் கேட்டார்கள். நான் டாக்டர் இல்லை, என் அப்பா டாக்டர், அவர் வருவார் என்றார். ஆம்பளை டாக்டர் வேண்டாம் என்று மூவரும் திரும்பிவிட்டார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தார்கள். அதன் பிறகுதான் அவர் அமெரிக்கா போய்ப் படித்து, 1899இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கி, 1900இல் வேலூரில் ஒரே ஒரு கட்டிலோடு மருத்துவம் பார்க்கத் தொடங்கினார். நம் எல்லோருக்கும் தெரிந்த சி.எம்.சி. அங்கிருந்துதான் ஆரம்பம். அவருடைய அண்ணன் மகளுக்கும் ஐடா என்றே பெயர். அவர் கதிரியக்க மருத்துவரானார், சி.எம்.சி.யின் புற்றுநோய் மையம் அவர் பெயரைத்தான் தாங்கியிருக்கிறது. நான் செய்வதும் அந்த வேலைதான், படம் எடுத்துப் படிக்கிற வேலை. அதனால் அத்தையை விட அந்த மருமகள் மேல்தான் எனக்குக் கொஞ்சம் கூடுதல் பாசம்.

இந்தக் கதையை ஏன் சொல்கிறேன்? அன்றைக்குப் பெண்ணின் உடம்பை ஆண் டாக்டர் பார்க்கக்கூடாது என்று தடுத்தார்கள். இன்றைக்கு நிலைமை தலைகீழ். கல்யாணமாகி ஒரு ஆடி போய் அடுத்த ஆடி வந்தால் போதும், வீட்டில் உள்ள அந்த ஒரு உடம்பை எல்லோரும் பார்க்கலாம். ஸ்கேன் எடு, ரத்தம் எடு, கருக்குழாய் திறந்திருக்கிறதா என்று குழாய் டெஸ்ட் எடு. பக்கத்தில் நிற்கிற இன்னொரு உடம்பை யாரும் பார்ப்பதில்லை.

"விசேஷம் ஒண்ணும் இல்லியா? வயித்துல பூச்சி புழு கீதா?" என்று கேட்பது நம் பக்கத்துப் பழக்கம். அன்பாகத்தான் கேட்கிறார்கள். ஆனால் அந்தக் கேள்விக்கு மாதா மாதம் பதில் சொல்ல வேண்டியவள் ஒருத்தி மட்டும். உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட கணக்குப்படி, ஆறு பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் எப்போதாவது குழந்தையின்மைச் சிக்கல் வருகிறது. ஆறு பெண்களில் ஒருவர் என்று அதில் இல்லை, ஆறு பேரில் ஒருவர். பிள்ளை தாமதமாகிற வீடுகளில் ஏறத்தாழ பாதியில் ஆணின் பக்கமும் ஏதாவது ஒரு காரணம் இருக்கிறது, தனியாகவோ மனைவியின் காரணத்தோடு சேர்ந்தோ.

ஆகவே இன்றைக்கு நான் சொல்ல வந்த விஷயத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன், பாதியில் எழுந்து போகிறவர்களுக்கும் கிடைக்கட்டும். ஒவ்வொரு படமும் ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்லும். எந்தக் கேள்வி என்று தெரியாமல் எடுத்த படம் வெறும் செலவு. மனைவியைக் குழாய் டெஸ்ட் மேசையில் படுக்க வைப்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய முதல் கேள்விக்குப் படமே தேவையில்லை. கணவரின் விந்துப் பரிசோதனை. இரண்டிலிருந்து ஏழு நாள் சேராமல் இருந்து, ஒரு சின்ன டப்பாவில் கொடுத்துவிட்டு வர வேண்டியது. வலி இல்லை, ஊசி இல்லை, கதிர் இல்லை, எந்த ஸ்கேனையும் விட மலிவு. அதற்குத்தான் நம் ஊரில் ஆள் கிடைப்பதில்லை.

சரி, படங்களுக்கு வருகிறேன்.

முதலில் ஸ்கேன், அதாவது அல்ட்ராசவுண்ட். இதன் பூர்வீகம் உங்களில் சிலருக்கு ஆச்சரியமாக இருக்கும். பெல் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறவர்கள் யாராவது இருக்கிறீர்களா? நல்லது. ராணிப்பேட்டை பெல்லில் பாய்லருக்கான துணைக் கருவிகள் செய்கிறீர்கள். இரும்பில் வெல்டிங் போட்டபின் உள்ளே விரிசல் இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பீர்கள்? யு.டி. டெஸ்ட். காதுக்குக் கேட்காத ஒலியை உள்ளே அனுப்பினால், விரிசல் இருக்கிற இடத்தில் மோதி எதிரொலி திரும்பி வரும். 1955இல் ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ பக்கத்தில், ரென்ஃப்ரூ என்ற ஊரில் இருந்த பாப்காக் அண்ட் வில்காக்ஸ் பாய்லர் தொழிற்சாலைக்கு இயன் டொனால்ட் என்ற மகப்பேறு மருத்துவர் போனார். போகும்போது காரின் டிக்கியில் எடுத்துப் போனது என்ன தெரியுமா? அறுவை சிகிச்சையில் அப்போதுதான் வெட்டி எடுத்த கர்ப்பப்பைக் கட்டிகளும் சினைப்பைக் கட்டிகளும். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பெரிய மாட்டிறைச்சித் துண்டைத் தொழிற்சாலையே கொடுத்தது. இரும்பைச் சோதிக்கிற கருவியை அந்தக் கட்டிகளின் மேல் வைத்துப் பார்த்தார். திடமான கட்டிக்கு ஒரு மாதிரி எதிரொலி, தண்ணீர் நிரம்பிய கட்டிக்கு வேறு மாதிரி. மூன்று வருடம் கழித்து, 1958 ஜூனில், டாம் பிரவுன் என்ற பொறியாளரோடும் ஜான் மக்விக்கர் என்ற மருத்துவரோடும் சேர்ந்து லான்செட் இதழில் கட்டுரை வந்தது. குணப்படுத்த முடியாத புற்றுநோய் என்று கைவிடப்பட்ட ஒரு பெண்ணுக்கு, அது எடுத்துவிடக்கூடிய வெறும் சினைப்பைக் கட்டிதான் என்று அந்தக் கருவி சொன்னதையும் அதில் எழுதியிருந்தார்கள். வயிற்றுப்பிள்ளைக்காகப் பிறந்த கருவி என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். அது பாய்லர் பட்டறையில் பிறந்து கட்டி பார்க்கப் பழகியது. பிள்ளையைப் பார்த்தது அப்புறம்தான்.

இந்த ஸ்கேனில் இரண்டு வகை. வயிற்றின் மேல் ஜெல் தடவிப் பார்ப்பது ஒன்று. அதற்குச் சிறுநீர்ப்பை நிரம்பியிருக்க வேண்டும். அதனால்தான் ஸ்கேன் சென்டர் வாசலில் ஆளுக்கொரு பாட்டிலோடு தண்ணீர் குடித்துக்கொண்டு நெளிந்தபடி உட்கார்ந்திருப்பீர்கள். நிரம்பிய பை குடலைத் தள்ளி ஒலிக்கு வழி விடும். இன்னொன்று உள் ஸ்கேன். இதற்குச் சிறுநீர் கழித்துவிட்டு வர வேண்டும். உறை போட்ட மெல்லிய கருவியைப் பிறப்புறுப்பு வழியாக வைப்பார்கள். கர்ப்பப்பைக்கு மிக அருகிலிருந்து பார்ப்பதால் படம் பல மடங்கு தெளிவு. கதிர் எதுவும் கிடையாது. கூச்சமாகத்தான் இருக்கும். பெண் உதவியாளர் கூட இருக்க வேண்டும் என்று கேட்பது உங்கள் உரிமை. வேண்டாம் என்று சொல்வதும் உரிமைதான். கல்யாணமாகாத பெண்களுக்கு இதைச் செய்வதில்லை.

உள் ஸ்கேன் எதைச் சொல்லும்? கர்ப்பப்பையின் சுவர் எப்படி இருக்கிறது, உட்தோல் எத்தனை மில்லிமீட்டர் தடித்திருக்கிறது, நார்க்கட்டி இருந்தால் எங்கே இருக்கிறது. சினைப்பையில் முட்டைப் பைகள் எத்தனை, அவை வளர்கின்றனவா, கர்ப்பப்பை உட்தோல் போன்ற திசு வெளியே வளர்கிற எண்டோமெட்ரியோசிஸ் இருந்து பழைய ரத்தம் தேங்கிய சாக்லேட் கட்டி உண்டா. இவ்வளவும் சொல்லும்.

நார்க்கட்டி என்றவுடன் பயப்படுகிறீர்கள். பயப்பட வேண்டியது அளவைப் பார்த்து அல்ல, இடத்தைப் பார்த்து. கர்ப்பப்பைக்கு வெளியே எலுமிச்சை அளவில் தொங்குகிற கட்டி பல சமயம் கருத்தரிப்பதைத் தொடவே தொடாது. உட்தோலுக்குள் துருத்திக்கொண்டு நிற்கிற சுண்டைக்காய் அளவுக் கட்டி தொந்தரவு செய்யும். "கட்டி இருக்குன்னு சொன்னாங்க" என்று சொல்லிக்கொண்டு ஓடி வராதீர்கள். எங்கே இருக்கிறது என்று கேட்டு, எழுதி வாங்கி வாருங்கள்.

இப்போது என்னுடைய நெடுநாள் கோபம் ஒன்று. நீர்க்கட்டி. பி.சி.ஓ.எஸ். என்பதற்குத் தமிழில் இந்தப் பெயரை யார் வைத்தார்களோ தெரியாது, வைத்தவர் என் கையில் கிடைத்தால் விடமாட்டேன். அவை கட்டிகளே அல்ல. மாதா மாதம் வளர ஆரம்பித்து, பாதியில் நின்றுபோன முட்டைப் பைகள். இரண்டிலிருந்து ஒன்பது மில்லிமீட்டர். மிளகு, உளுந்து அளவு. சினைப்பையின் ஓரத்தில் மாலை கோத்தது போல வரிசையாக இருக்கும். கட்டி என்ற சொல்லைக் கேட்டு "ஆபரேஷன் பண்ணிடலாமா டாக்டரம்மா" என்று கேட்டு வருகிற பெண்களை எனக்குத் தெரியும். படத்தில் மட்டும் இது தெரிந்தால் நோய் என்று முடிவுசெய்யக்கூடாது. 2003இல் ராட்டர்டாமில் கூடிய வல்லுநர்கள், மூன்றில் இரண்டு இருந்தால்தான் என்று வரையறுத்தார்கள். மாதவிலக்குத் தள்ளிப்போவது ஒன்று, ஆண் இயக்குநீர் கூடியதற்கான முகத்து முடி, முகப்பரு அல்லது ரத்தப் பரிசோதனை ஒன்று, ஸ்கேன் ஒன்று. அன்று ஒரு சினைப்பையில் பன்னிரண்டு பைகள் இருந்தால் போதும் என்றார்கள். கருவிகள் கூர்மையாகிவிட்டதால் நல்ல சினைப்பையிலும் அத்தனை தெரிய ஆரம்பித்தது. 2018இல் எண்ணிக்கையை இருபதாக உயர்த்தினார்கள். யோசித்துப் பாருங்கள், பழைய கணக்கில் நோயாளியாக இருந்தவள் புதிய கணக்கில் நலமானவள். மாறியது அவள் உடம்பு அல்ல, எங்கள் மெஷின். வயதுக்கு வந்து எட்டு வருடம் ஆகாத பெண்ணுக்கு இந்த நோயைத் தீர்மானிக்க ஸ்கேனைப் பயன்படுத்தவே கூடாது என்றும் அந்த 2018 வழிகாட்டுதல் சொல்கிறது. ஸ்கூல் போகிற பிள்ளையைக் கூட்டி வந்து "நீர்க்கட்டி பாருங்க" என்று நிற்கிற அம்மாக்கள் இதைக் காதில் போட்டுக்கொள்ளுங்கள்.

முட்டை வளர்ச்சி ஸ்கேன் பற்றியும் ஒரு வார்த்தை. பை தினமும் ஏறக்குறைய இரண்டு மில்லிமீட்டர் வளரும், இருபதை ஒட்டி வெடிக்கும். அதை ஒன்றுவிட்டு ஒருநாள் பார்க்க நாலைந்து முறை வரச் சொல்வார்கள். மாத்திரையோ ஊசியோ போட்டு முட்டை வளர்க்கிறவர்களுக்கு இது அவசியம். எந்த மருந்தும் இல்லாமல், இருபத்தெட்டு முப்பது நாளில் கடிகாரம் போல மாதவிலக்கு வருகிற பெண்ணை மாதா மாதம் இதற்காக அலைய வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. நாலு நாள் லீவு போட்டால் அந்த மாத அட்டெண்டன்ஸ் போனஸ் போச்சு. முட்டை வெடித்ததா என்று தெரிந்துகொள்ள அவளுக்கு ஒரே ஒரு ரத்தப் பரிசோதனை போதும்.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். ஸ்கேன் எதைச் சொல்லாது? ஒரு பெண் என்னிடம் கேட்டாள்: "மூணு எடத்துல ஸ்கேன் பாத்தாங்க, எல்லாம் நல்லாத்தான் கீதுன்னு சொன்னாங்க. அப்பறம் ஏன் நிக்க மாட்டுது?" மூன்று ஸ்கேனும் சரியாகத்தான் எடுத்திருந்தார்கள். ஆனால் நலமான கருக்குழாய் சாதாரண ஸ்கேனில் தெரியாது. குடலின் மடிப்புக்குள் மறைந்துவிடும். அடைபட்டு நீர் கோத்து வீங்கிய குழாய்தான் சில சமயம் கண்ணில் படும். பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் நீளம், கர்ப்பப்பையை ஒட்டிய இடத்தில் உள்துவாரம் ஒரு மில்லிமீட்டர்தான். ஸ்டிச்சிங் செக்‌ஷனில் ஊசிக் காதில் நூல் கோக்கிறீர்களே, அந்த மாதிரி ஒரு வழி. அதில் முட்டையும் விந்துவும் சந்திக்க வேண்டும். அந்த வழி திறந்திருக்கிறதா என்பதற்குத்தான் குழாய் டெஸ்ட். எச்.எஸ்.ஜி. என்று சீட்டில் எழுதியிருப்பார்கள்.

இது எப்படி வந்தது என்பதே ஒரு நல்ல கதை. நியூயார்க்கில் ஐசிடோர் ரூபின் என்ற மருத்துவர் 1914இல் வெள்ளி கலந்த ஒரு மருந்தைக் கர்ப்பப்பைக்குள் செலுத்தி எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். அது உள்ளே எரிச்சலை உண்டாக்கியதால் விட்டுவிட்டு, சில வருடம் கழித்துக் காற்றைச் செலுத்தினார். குழாய் திறந்திருந்தால் காற்று வயிற்றுக்குள் போய் உதரவிதானத்தின் அடியில் சேரும். எழுந்து உட்கார்ந்ததும் அந்தப் பெண்ணுக்குத் தோள்பட்டை வலிக்கும். தோள் வலித்தால் குழாய் திறந்திருக்கிறது! பிள்ளை பிறக்குமா என்பதைத் தோள்பட்டையிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட காலம் அது.

அப்புறம் கசகசா வந்தது. சிரிக்காதீர்கள், குருமாவுக்கு அரைக்கிற அதே கசகசாதான். அதன் எண்ணெயோடு அயோடினைச் சேர்த்து 1901இல் பிரான்சில் மார்செல் கெர்பே தயாரித்த மருந்து லிப்பியோடால். அயோடின் எக்ஸ்ரேயை மறைக்கும், படத்தில் வெள்ளையாகத் தெரியும். 1920களில் அதைக் கர்ப்பப்பைக்குள் செலுத்திப் படமெடுக்க ஆரம்பித்தார்கள். பிறகு தண்ணீரில் கரைகிற மருந்துகள் வந்தன; இன்று நம் பக்கத்தில் பெரும்பாலும் அதுதான். இதற்கிடையே டாக்டர்கள் நெடுநாளாக ஒன்றைக் கவனித்து வந்தார்கள். டெஸ்ட் எடுத்த சில மாதத்திலேயே சிலர் கருத்தரித்தார்கள், வேறு சிகிச்சை எதுவும் இல்லாமல். 2017இல் வெளியான ஓர் ஆய்வில், நெதர்லாந்தில் 27 மருத்துவமனைகள் சேர்ந்து 1119 பெண்களிடம் இரண்டு மருந்தையும் ஒப்பிட்டுப் பார்த்தன. எண்ணெய் மருந்து பெற்றவர்களில் நூற்றுக்கு நாற்பது பேர் ஆறு மாதத்துக்குள் கருத்தரித்தார்கள். தண்ணீர் மருந்து பெற்றவர்களில் இருபத்தொன்பது பேர். எண்ணெய் ரத்தக்குழாயில் ஏறிவிட்டால் ஆபத்து, அயோடின் தைராய்டைப் பாதிக்கலாம். எல்லோருக்கும் பொருந்தாது. ஆகவே யாரும் போகிற வழியில் ஆற்காட்டில் கசகசா வாங்கிக் குடிக்க வேண்டாம்.

டெஸ்ட்டுக்கு நாள் மிக முக்கியம். மாதவிலக்கு ஆரம்பித்த ஆறாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள், ரத்தம் நின்றபின், முட்டை வெடிப்பதற்கு முன். அந்த மாதம் அதுவரை கணவன் மனைவி சேரக்கூடாது. காரணம், ஒருவேளை கரு தங்கியிருந்தால் அதன் மேல் கதிர் படக்கூடாது. இங்கேதான் ஒரு சிக்கல். நான் எண்ணுவது ரத்தம் பட்ட முதல் நாளிலிருந்து. நம் பெண்கள் எண்ணுவது தலைக்கு ஊற்றிக்கொண்ட நாளிலிருந்து. "எத்தனாவது நாள்மா?" "எட்டாவது நாள் டாக்டரம்மா." விசாரித்தால் உண்மையில் பன்னிரண்டாவது நாள். திருப்பி அனுப்ப வேண்டியதுதான். ஒரு மாதம் வீண், ஒரு லீவு வீண். முழுகாமல் இருக்கிறாள் என்று கர்ப்பத்தைச் சொல்கிற மொழி நம்முடையது. முழுகிய நாளை வைத்துக் காலத்தை எண்ணிய நம் பாட்டிமார் மேல் குறை இல்லை. டெஸ்ட்டுக்கு மட்டும் ரத்தம் பட்ட நாளைக் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள்.

வலிக்குமா என்பீர்கள். பொய் சொல்ல மாட்டேன், வலிக்கும். மாதவிலக்கு வலி போல, சிலருக்கு அதைவிடக் கூடுதலாக, சில நிமிடங்கள். ஒரு மணி நேரம் முன்னால் வலி மாத்திரை போட்டுக்கொண்டால் தாங்கலாம். மெல்லிய குழாய் வழியாக மருந்து மெதுவாக உள்ளே போகும். திரையில் முதலில் தலைகீழ் முக்கோணமாகக் கர்ப்பப்பை தெரியும். பிறகு இரண்டு மூலையிலிருந்தும் கோலப்பொடியில் இழுத்த கோடு போல இரண்டு குழாய்கள். கடைசியில் நுனியிலிருந்து மருந்து வெளியே சிந்தி வயிற்றுக்குள் புகை போலப் பரவும். அந்தச் சிந்தல்தான் நாங்கள் பார்க்கக் காத்திருப்பது.

சில சமயம் மூலையிலேயே மருந்து நின்றுவிடும். "இரண்டு குழாயும் அடைப்பு" என்று ரிப்போர்ட் வரும். வீட்டில் அழுகை. தயவுசெய்து அந்த ஒரு வரியை வைத்து வாழ்க்கையை முடிவு செய்யாதீர்கள். பயத்திலும் வலியிலும் அந்த மூலையின் தசை இறுகிக்கொள்ளும். திறந்த குழாயே அடைத்தது போலத் தெரியும். வேகமாக மருந்தைத் தள்ளினால் இது அதிகம். மறுபடி எடுத்தாலோ, வயிற்றில் சின்னத் துளை போட்டுப் பார்க்கிற லேப்ராஸ்கோப்பியில் நீல மருந்து விட்டுப் பார்த்தாலோ கணிசமானோருக்குத் திறந்தே இருக்கும். நுனியில் அடைத்து வீங்கியிருந்தால் விஷயம் வேறு, அது பெரும்பாலும் உண்மையான அடைப்பு. அந்த நீர் கர்ப்பப்பைக்குள் வடிந்து, டெஸ்ட் டியூப் முறையில் வைக்கிற கருவையும் கெடுக்கும் என்பதால், அதைச் சரிசெய்துவிட்டுத்தான் அடுத்த வேலை.

அடைப்புக்குக் காரணம்? பழைய தொற்று, கருக்கலைப்புக்குப் பின் வந்த காய்ச்சல், குடல்வால் வெடித்தது, இப்படிப் பல. நம் நாட்டில் இன்னொன்றை மறக்கக்கூடாது, காசநோய். நுரையீரலுக்கு வந்து அடங்கிப்போன கிருமி ரத்தத்தின் வழியாகக் கருக்குழாயில் போய்க் குடியேறும். இருமல் இருக்காது, சளி இருக்காது, பிள்ளை இல்லாதது ஒன்றுதான் அறிகுறி. படத்தில் குழாய் பாசிமணி கோத்தது போலவோ, வளையாத கம்பி போலவோ தெரியும். நுனி வீங்கிக் கழுத்து இறுகியிருப்பதைப் புகையிலைப் பை என்று வெள்ளைக்காரர்கள் எழுதி வைத்தார்கள். நம் பாட்டி இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பைதான் அது. ஆனால் படம் சந்தேகத்தை மட்டும்தான் எழுப்பும். உட்தோலை எடுத்துச் சோதித்துத்தான் உறுதி செய்ய வேண்டும். நோய் இப்போது சுறுசுறுப்பாக இருக்கிறது என்று சந்தேகம் இருந்தால் எச்.எஸ்.ஜி. எடுக்கவே கூடாது, கிளறிவிட்டது போல ஆகும். வீட்டில் யாருக்காவது டி.பி. இருந்ததா என்று டாக்டர் கேட்டால் கௌரவம் பார்க்காமல் சொல்லுங்கள். மருந்து அரசாங்கம் இலவசமாகத் தருகிறது.

எக்ஸ்ரே இல்லாமல் உப்புத் தண்ணீரையோ நுரையையோ செலுத்தி ஸ்கேனிலேயே குழாயைப் பார்க்கிற முறையும் வந்துவிட்டது. வலி குறைவு, கதிர் இல்லை. பார்க்கிறவர் கை தேர்ந்தவராக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

எம்.ஆர்.ஐ. எல்லோருக்கும் வேண்டியதில்லை. பிறவியிலேயே கர்ப்பப்பை வடிவம் மாறியிருந்தால் அது உதவும். எச்.எஸ்.ஜி. படத்தில் கர்ப்பப்பை இரண்டாகப் பிரிந்து தெரிகிறது என்று வையுங்கள். நடுவில் ஒரு தடுப்புச் சுவரா, அல்லது கர்ப்பப்பையே இரண்டு கொம்பாகப் பிரிந்திருக்கிறதா? அந்தப் படம் சொல்லாது, ஏனென்றால் அது உட்பக்கத்தை மட்டும் காட்டுகிறது. ஷூவின் லைனிங்கை மட்டும் பார்த்துவிட்டு மேல்தோல் எப்படி என்று சொல்ல முடியுமா? 3டி ஸ்கேனோ எம்.ஆர்.ஐ.யோ வெளி வடிவத்தையும் காட்டும். தடுப்பு என்றால் உள்ளிருந்தே வெட்டலாம். இரண்டு கொம்பு என்றால் கத்தி வைத்தால் கர்ப்பப்பை கிழிந்துவிடும். ஒரே மாதிரி நிழல், இரண்டு வேறு சிகிச்சை.

இந்தப் பக்கத்துக்காரர்கள் என்னிடம் தவறாமல் கேட்கிற கேள்வி, "டேனரி தண்ணியால பிள்ளை இல்லாம போகுமா?" நியாயமான கேள்வி. தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு பற்றி 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன வழக்கு நம் பக்கத்துடையது. ராணிப்பேட்டையில் மூடிக் கிடக்கும் குரோமேட் தொழிற்சாலை விட்டுப்போன கழிவு மட்டும் ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேல். அந்தக் கழிவில் இருக்கிற ஆறு இணைதிறன் குரோமியம் புற்றுநோய் உண்டாக்கும் என்பது உறுதியானது. விலங்குகளில் சினைப்பையையும் விந்தையும் அது கெடுத்ததை ஆய்வகங்கள் காட்டியிருக்கின்றன. ஆனால் எந்த ஸ்கேனிலும் குரோமியம் தெரியாது. உங்கள் குழாய் படத்தில் டேனரியின் கையெழுத்து இருக்காது. நீங்கள் செய்ய வேண்டியது, டாக்டரிடம் எந்த செக்‌ஷனில் வேலை என்பதையும் சேர்த்துச் சொல்வது. கட்டிங்கா, பேஸ்டிங்கா, டிரம்மில் தோல் ஊறவைக்கிற இடமா? உங்கள் வேலை மட்டுமல்ல, உங்கள் வீட்டுக்காரர் வேலையும். பாய்லர் சூட்டிலும் கெமிக்கலிலும் பாதி நாள் நிற்பது பெரும்பாலும் அவர்தான்.

ஸ்கேன் சென்டர் சுவரில் ஒரு போர்டு இருக்குமே, கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்வது சட்டப்படி குற்றம் என்று. 1994இல் சட்டம் வந்தது, 2003இல் இன்னும் கடுமையாக்கினார்கள். அந்த போர்டுக்குக் கீழே ஒரு பெஞ்சில், ஏதாவது ஒரு பிள்ளை கொடு சாமி என்று ரத்தினகிரி முருகனுக்கு வேண்டிக்கொண்டு வந்த பெண் உட்கார்ந்திருப்பாள். அதே பெஞ்சில் மூன்றாவதும் பெண்ணாகப் போய்விடுமோ என்று பயத்தோடு இன்னொருத்தி. பாய்லர் விரிசல் தேடப் பிறந்த கருவி, இரண்டு பேருக்கும் ஒரே ஜெல்லைத் தடவுகிறது. இத்தனை வருடமாகியும் எனக்கு அந்த பெஞ்ச் பழகவில்லை.

இன்னொன்று, எடுத்த படங்களைத் தொலைக்காதீர்கள். ரிப்போர்ட் காகிதத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஃபிலிமை மழையில் நனையவிட்டு வருகிறார்கள். ஜவுளிக்கடைப் பையில் போட்டு பீரோவில் வையுங்கள். தோல் மண்டியில் வெளிச்சத்தில் பிடித்து ஓட்டையும் கீறலும் பார்க்கிறார்களே, அது போல நாங்களும் பழைய ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்போம். எழுதியவர் தவறவிட்டது சில சமயம் அதில் இருக்கும். ஒரு தம்பதி அப்படி ஒரு பை நிறையக் கொண்டு வந்தார்கள். ஆறு வருடம், இரண்டு குழாய் டெஸ்ட், ஒரு லேப்ராஸ்கோப்பி, எண்ண முடியாத ஸ்கேன்கள். இரண்டு குழாயிலும் மருந்து அழகாகச் சிந்தியிருந்தது. "வீட்டுக்காரர் ரிப்போர்ட் எங்கேம்மா?" என்றேன். மாமியார்தான் பதில் சொன்னார்: "அவனுக்கு என்னா டாக்டரம்மா, நல்லாத்தான கீறான்." அதன்பின் எடுத்த அந்த ஒரு டெஸ்ட்டில், ஆறு வருடக் கேள்விக்கு அரை மணி நேரத்தில் பதில் கிடைத்தது.

சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். மூன்று சீட்டில் செலவு பற்றி. முதலில் வாலாஜாபேட்டை அரசு மருத்துவமனையிலோ அடுக்கம்பாறையிலோ பெண் நோய் மருத்துவரைப் பாருங்கள். எந்த டெஸ்ட் எதற்கு என்று அவர் எழுதித் தந்தபின் படம் எடுக்கப் போங்கள். எத்தனை நாள் காத்திருக்கலாம் என்று ஒருவர் கேட்டிருக்கிறார்: ஒரு வருடம், முப்பத்தைந்து வயதைத் தாண்டியிருந்தால் ஆறு மாதம். மாதவிலக்கே ஒழுங்காக வராதவர்கள் காத்திருக்க வேண்டியதில்லை.

கடைசிச் சீட்டு, பென்சிலில் எழுதியது. "குழாய் டெஸ்ட்டுக்கு அவரும் வரணுமா?" வரணும்மா. முடிந்தபின் சிலருக்குத் தலை சுற்றும், ஒன்றிரண்டு நாள் லேசாக ரத்தம் படும், ஆற்காடு பஸ்ஸில் தனியாக நின்றுகொண்டு வர முடியாது. காய்ச்சல் வந்தால் உடனே திரும்பக் கூட்டி வரவும் ஆள் வேண்டும். வரும்போது அவருடைய ரிப்போர்ட்டையும் அந்தப் பையில் போட்டுக்கொண்டு வரச் சொல்லுங்கள். நான் முதலில் அதைத்தான் பார்ப்பேன்.